டெம்போ ஸ்டாண்டும் பார்டர் பிளானும்

1. போர்டு மாறிய நாள்

ஓசூர் ஷோரூமில் கஸ்டமர் கேர் கவுண்டரில் நான் இருந்த காலம். ஒரு நாள் காலை வேலைக்கு வந்தால் வாசலில் வேறு போர்டு. எங்கள் சின்ன மொபைல் கம்பெனியைப் பெரிய கம்பெனி ஒன்று வாங்கிவிட்டதாம். எங்களுக்குப் புதுச் சட்டை, புது ஐடி கார்டு, ஆளுக்கொரு லட்டு. சம்பளத்தை மட்டும் பழையபடியே விட்டுவிட்டார்கள். அதை மாற்றி எங்கள் மனதைச் சங்கடப்படுத்த அவர்கள் விரும்பவில்லை.

கஸ்டமர்களுக்கும் ஒரு எஸ்எம்எஸ் போனது. "உங்கள் பிளானில் எந்த மாற்றமும் இல்லை." யாரும் கேட்காதபோது ஒரு கம்பெனி தானாக இப்படிச் சொன்னால் மாற்றம் கிளம்பிவிட்டது என்று இந்த வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

கிளம்பி வந்த மாற்றத்தின் பெயர் மைக்ரேஷன் டார்கெட். பழைய பிளானில் இருப்பவர்களைப் புது பிளானுக்குத் தள்ள வேண்டும். கஸ்டமர் சம்மதம் இல்லாமல் மாற்றக் கூடாது என்பது சட்டம். சம்மதத்தை எப்படியாவது வாங்கிவிட வேண்டும் என்பது எங்கள் வேலை.

2. பார்டர் பிளான் என்றால்

இப்போதுள்ள பிள்ளைகளுக்கு ரோமிங் என்றால் என்னவென்றே தெரியாது. அப்போது வேறு மாநிலத்து டவரில் போன் மாட்டினால், நமக்கு வருகிற காலுக்கும் நம்மிடமே காசு பிடிப்பார்கள். பேலன்ஸ் தீர்ந்துபோனால் கால் வரவே வராது. ஜூஜூவாடி பக்கம் டீக்கடைக்குள் நின்றால் தமிழ்நாடு டவர், கிளாஸைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தால் கர்நாடகா டவர். அதற்காகவே எங்கள் பழைய கம்பெனி ஒரு பார்டர் பிளான் வைத்திருந்தது. இரண்டு பக்கமும் இன்கமிங் இலவசம். அதைக் கண்டுபிடித்த புண்ணியவான் யாரோ, புது கம்பெனி வந்ததும் முதல் வேலையாக அவரை அனுப்பிவிட்டார்கள்.

இந்தப் பிளானை உயிராகப் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் ஜூஜூவாடி டெம்போ ஸ்டாண்டுக்காரர்கள். பதினோரு டெம்போ. சிப்காட் ஃபேக்டரிகளிலிருந்து பார்ட்ஸ் ஏற்றிக்கொண்டு அத்திப்பள்ளி, பொம்மசந்திரா என்று தினமும் எல்லை தாண்டுகிறவர்கள். ஃபேக்டரியில் லோடு அனுப்புகிற டெஸ்பாட்ச் ஆள் போன் செய்வான். எடுத்தால் லோடு உங்களுக்கு. எடுக்காவிட்டால் அடுத்த நம்பருக்குப் போட்டுவிடுவான், இரண்டாம் முறை கூப்பிட மாட்டான். போன் போனால் அன்றைய பிழைப்பு போச்சு.

ஸ்டாண்டுக்குத் தலைவர் மாதிரி இருந்தவர் முனிராஜ். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் சண்டை போடக்கூடியவர். பிளான் மாற்றச் சொல்லி கால் சென்டரிலிருந்து போன் வர ஆரம்பித்ததும் அவர் எல்லோருக்கும் ஒரே உத்தரவு போட்டார்.

"எந்த பாஷைல கேட்டாலும் 'பேடா'ன்னு சொல்லி வெச்சிருங்கப்பா. ஆமான்னு மட்டும் வாய் தவறிக்கூடச் சொல்லிடாதீங்க."

கன்னடத்தில் பேடா என்றால் வேண்டாம். பதினோரு பேரும் ஒழுங்காக 'பேடா' சொன்னார்கள். கால் சென்டர் பிள்ளைகள் எங்களுக்கு ரிப்போர்ட் அனுப்பினார்கள்: 'லாங்குவேஜ் பிராப்ளம்'.

3. மேனேஜர் நேரில் வந்தார்

சேலத்திலிருந்து ஏரியா மேனேஜர் நேரிலேயே கிளம்பி வந்துவிட்டார். டை கட்டியவர். ஓசூர் வெயிலில் டை கட்டுவதற்குத் தனித் தைரியம் வேண்டும்.

"என்ன கலைச்செல்வி, பதினோரு பேரைக் கன்வின்ஸ் பண்ண முடியலையா? நான் எப்படிப் பேசறேன்னு கூட வந்து பாருங்க."

ஸ்டாண்டுக்குப் போய்ப் பார்த்தேன். ஆளுக்கொரு கீசெயின் கொடுத்தார். புது பிளானில் இரவு முழுக்க இலவசமாகப் பேசலாம் என்றார். நடுராத்திரியில் யாரும் டெம்போவுக்கு லோடு கொடுப்பதில்லை என்பது அவருடைய பிரசண்டேஷனில் இல்லை. பேச்சு நன்றாகச் சூடு பிடித்த நேரத்தில் அவருக்கே போன் வந்தது. சென்னை மேலதிகாரி போல. "எஸ் சார், எஸ் சார்" என்று சொல்லிக்கொண்டே டீக்கடையைத் தாண்டி அந்தப் பக்கம் நடந்து, வெகுநேரம் பேசிவிட்டுத் திரும்பினார்.

முனிராஜ் கவலையோடு கேட்டார்: "சார், அங்க நின்னா கர்நாடகா டவர் எடுக்குமே. இவ்ளோ நேரம் பேசினீங்களே, காசு போயிருக்குமே?"

"எனக்கெல்லாம் போகாதுய்யா. நான் பார்டர் பிளான்."

சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவருக்கே உறைத்தது. எல்லோரும் அவரைப் பார்த்தார்கள், அடுத்து என்னைப் பார்த்தார்கள். நான் என் போனை மெதுவாக ஹேண்ட்பேக்குக்குள் தள்ளினேன். எங்களுக்கும் அதே பிளான்தான். பிறகு ஸ்டாண்ட் முழுக்க ஒரு சிரிப்பு எழுந்தது. எனக்கும் சிரிப்பு வந்தது, புதுச் சட்டையை நினைத்து அடக்கிக்கொண்டேன்.

மேனேஜர் அசரவில்லை. "அது ஸ்டாஃப் கேட்டகரி. ஸ்டாஃப், டீலர், ரீடெய்லர் இவங்களுக்கு மட்டும் கண்டினியூ ஆகும். வேலைக்கு அவசியம் பாருங்க."

"எங்களுக்கும் வேலைக்குத்தான் சார் அவசியம்," என்றார் முனிராஜ். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ரீடெய்லர்னா யாருங்க சார்?" என்றார்.

மேனேஜர் அவர் தோளில் கை போட்டு டெம்போவுக்குப் பின்னால் கூட்டிப்போனார். திரும்பி வரும்போது இருவரும் சொந்தக்காரர்கள் மாதிரி வந்தார்கள்.

4. தலைவர் ரீடெய்லர் ஆனார்

ஏற்பாடு இதுதான். முனிராஜ் எங்கள் கம்பெனி ரீசார்ஜ் கூப்பன் விற்பார், அவருடைய பார்டர் பிளான் அப்படியே இருக்கும். பதிலுக்கு ஸ்டாண்டில் மற்ற பத்துப் பேரையும் அவர் மாற்றிவிட வேண்டும். மறுநாளே அவர் டெம்போவின் பின்பக்கம் எங்கள் ஸ்டிக்கர் ஒட்டியாகிவிட்டது. அந்த வாரத்துக்குள் பத்துப் பேரும் என் கவுண்டரில் வரிசையில் நின்றார்கள்.

வரிசையில் முதல் ஆள் சீனப்பா. சொந்த வண்டி வைத்திருந்த, அதிகம் பேசாத மனிதர்.

"அண்ணா, ராத்திரி ஃப்ரீயை வெச்சு நீங்க என்ன பண்ணப் போறீங்க? நல்லா யோசிச்சீங்களா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டேன்.

"முனிராஜே சொல்றான் மேடம். அவன் சொன்னா சரியாத்தான் இருக்கும்."

அவர் பழைய பிளானை விடுகிறார் என்பதைவிட அந்த நம்பிக்கைதான் எரிச்சலைக் கிளப்பியது. ஆனால் அவருக்குப் பின்னால் ஒன்பது பேர் நின்றார்கள், என் பின்னால் மேனேஜர் நின்றார்.

பிறகு நடந்ததை ஜோசியம் பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை. அத்திப்பள்ளியில் லோடு இறக்கும்போதே இவர்களுடைய பேலன்ஸ் இன்கமிங்கிலேயே கரைந்துவிடும். டெஸ்பாட்ச் ஆள் கூப்பிட்டால் கிடைக்காது. அடுத்த நம்பர், அதற்கடுத்த நம்பர் என்று போய், எப்போது கூப்பிட்டாலும் எடுக்கிற ஒரே ஆளிடம் வந்து நிற்பான். முனிராஜ் இரண்டாவது டெம்போ வாங்கினார்.

கூப்பன் வாங்க அவர் வந்தபோது கேட்டுவிட்டேன். "இது நியாயமாண்ணா?"

"நானா போய்ப் புடுங்கறேன் மேடம்? அவங்களா கூப்பிடறாங்க, நான் எடுக்கறேன்." அவர் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

5. நில்

சில மாதம் கழித்து சீனப்பா கவுண்டருக்கு வந்தார். நம்பரை குளோஸ் பண்ணணும் என்றார்.

"ஏண்ணா, வேற கம்பெனிக்குப் போறீங்களா?"

"இல்ல மேடம். வண்டிய முனிராஜுக்கே குடுத்துட்டேன். அதையே சம்பளத்துக்கு நான்தான் ஓட்டறேன். லோடு அவன் பேசிக்கறான், எங்க போகணும்னு காலைல சொல்லிடறான். எனக்கு எதுக்கு போனு?"

"ஒரு கம்ப்ளெயின்ட் எழுதிக் குடுங்கண்ணா. நான் மேல அனுப்பறேன்."

"யார் மேல எழுதறது?" என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. நானும் யோசித்துப் பார்த்தேன். கம்பெனி கட்டாயப்படுத்தவில்லை, முனிராஜ் ஏமாற்றவில்லை, கையெழுத்து அவருடையது. நம்பரை குளோஸ் செய்து கொடுத்தேன். ஸ்டாண்டிலிருந்து அவரோடு சேர்த்து நான்கு பேர் இப்படிப் போனார்கள்.

அந்த மாத ரிவ்யூ மீட்டிங்கில் மேனேஜர் ஸ்கிரீனைக் காட்டிச் சொன்னார்: "ஜூஜூவாடி பாருங்க. மைக்ரேஷன் கம்ப்ளீட். கம்ப்ளெயின்ட் நில்." ஒரு கம்ப்ளெயின்ட்கூட இல்லையாம் என்று எல்லோரும் கை தட்டினார்கள். அவருக்கு ஒரு ஷீல்டும் கிடைத்தது.

அதன் பிறகு எத்தனையோ பிராஞ்ச் பார்த்துவிட்டேன். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லிக்கொடுப்பது ஒன்றுதான். கம்ப்ளெயின்ட் 'நில்' என்று ரிப்போர்ட் வந்தால் உடனே கை தட்டாதீர்கள். கம்ப்ளெயின்ட் சொல்ல அங்கே இன்னும் ஆள் இருக்கிறார்களா என்று முதலில் போய்ப் பாருங்கள்.