லினக்ஸ் போட்டால் வைஃபை வருமோ?

பழைய லப்டொப்புகளுக்கு லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் போட்டுக் கொடுப்பதுதான் என் தொழில், ஆனால் வெள்ளவத்தையில் என் கடைக்கு வருகிற ஒருவரும் லினக்ஸ் என்றால் என்னவென்று கேட்டதில்லை, "வைஃபை வருமோ?" என்று மட்டும்தான் கேட்பார்கள். வரும் என்று வாயால் சொல்லிவிட்டு, பிறகு அதை வரவழைக்க நான் படும் பாடு இதே வேலையில் தலையைக் கொடுத்தவர்களுக்குத் தெரியும். தலையைக் கொடுக்காதவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம்.

சாவி பெட்டிக்குள்ளே

மனோ அன்ரி கடற்கரைப் பக்க ஒழுங்கையொன்றில், ஒரு ஃபிளாட்டில் தனியாக இருக்கிறார். மகன் டொரொன்டோவில். அந்த வார ஞாயிற்றுக்கிழமை அங்கே அவனுக்குக் கலியாணம். அன்ரிக்கு விசா கிடைக்கவில்லை. தாலி கட்டுவதற்கு முன் மாப்பிள்ளையும் பொம்பிளையும் மண்டபத்துத் திரையில் அன்ரியைப் பார்த்துக் கும்பிடுவதாக ஏற்பாடு. அன்ரியின் ஃபோன் கமரா உடைந்து கனகாலம் என்பதால், மகன் தன் பழைய லப்டொப்பை ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்து அனுப்பியிருந்தான். அதைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தவரிடம், "என்ரை ஃபோனைத் தாறன் அன்ரி, அலுவல் முடிஞ்சுது" என்றேன். "பிள்ளை அனுப்பின சாமான் மேசையில கிடக்க, ஆற்றையோ ஃபோனுக்குள்ள நிண்டு ஆசீர்வாதம் பண்ணுறதோ?" என்று கேட்டார். லப்டொப்பை என் பக்கம் இழுத்துத் திறந்தேன்.

லப்டொப்பைப் போட்டுவிட்டுப் போய்த் தேத்தண்ணி குடித்து வரலாம், அவ்வளவு வேகம். லினக்ஸ் போட்டதும் துள்ளி எழும்பியது. சத்தம் வந்தது, கமரா வந்தது, வைஃபை மட்டும் வரவில்லை. உள்ளே இருந்த வைஃபை அட்டை வேலை செய்ய ஒரு சின்னக் கோப்பு வேண்டும்; அந்தக் கோப்பு இருப்பதோ இன்ரநெற்றில். என் ஃபோனை வயரால் கொழுவி, அதன் டேட்டாவில் கோப்பை இறக்கிப் போட்டேன், வைஃபை வந்தது. பக்கத்தில் இருந்து எல்லாவற்றையும் கவனித்த அன்ரி கேட்டார்: "இன்ரநெற் எடுக்க இன்ரநெற் வேணுமெண்டால், முதல்முதல் எடுத்தவன் என்ன செய்தவன் தம்பி?"

சொந்த வீடு தெரியாத லப்டொப்

அன்று இரவு அன்ரி வீட்டில் வைஃபை நன்றாக வேலை செய்ததாம். அடுத்த நாள் காலை ஃபோன் வந்தது: இல்லை, வருகுதில்லை. போய்ப் பார்த்தேன். அந்தக் கட்டடத்தில் உள்ள வைஃபை பெயரெல்லாம் வரிசையாக நின்றன. மேல்மாடி டொக்டருடையது, கீழே டியூஷன் வகுப்பினுடையது, கடவுச்சொல் கேட்டு வராதே என்று பெயரிலேயே எழுதி வைத்த ஒரு மகானுடையது. அன்ரியுடைய வைஃபை மட்டும் இல்லை. ரவுட்டரோ அதே மேசையில், லப்டொப்புக்குப் பக்கத்தில் மினுங்கிக்கொண்டிருக்கிறது. அன்ரியின் ஃபோனுக்கு அது வடிவாகத் தெரிகிறது.

ரவுட்டரை நிப்பாட்டித் திரும்பப் போட்டேன். அட்டை ஏதும் முறைப்பாடு எழுதியிருக்கிறதா என்று பதிவுகளைத் துழாவினேன். தான் சுகமாக இருப்பதாகத்தான் எழுதியிருந்தது. எரிச்சல் வரவேண்டிய இடத்தில் எனக்கு ஆவல் வந்தது. மூன்று மாடி தாண்டிப் பார்க்கிற கண்ணுக்கு மூக்குக்கு முன்னால் இருப்பது எப்படித் தெரியாமல் போகும்? அன்ரிக்கு அதில் ஒரு புதினமும் இல்லை. "ஊராரையெல்லாம் தெரியுது, சொந்த வீட்டைத் தெரியேல்லை, வெளிநாட்டில இருந்து வந்தது எண்டால் அப்பிடித்தானே."

கொட்டாஞ்சேனைச் சுவிச்சு

இந்தக் குழப்பத்தோடு கொட்டாஞ்சேனைக்குப் போனேன். அங்கே கலியாணக் காட் அடிக்கிற செல்வம் அண்ணைக்கும் நான்தான் லினக்ஸ் போட்டுக் கொடுத்திருந்தேன். அவருடைய லப்டொப்பில் வைஃபை திடீரென்று செத்துவிட்டது. நான் கட்டளை அடிக்கிற கறுப்புத் திரையைத் திறந்து, அட்டையின் பெயர், இலக்கம், பிறப்பு வளர்ப்பு எல்லாம் விசாரித்தேன். கடைசியில்தான் ஒரு வரி கண்ணில் பட்டது: வெளியே ஒரு சுவிச்சு நிறுத்தப்பட்டிருக்கிறது. லப்டொப்பின் விளிம்பில் நகக்கண் அளவில் ஒரு சுவிச்சு. பையில் திணிக்கும்போது தட்டுப்பட்டிருக்கிறது. தள்ளிவிட்டேன், வந்தது.

அன்ரியின் லப்டொப்பிலும் இப்படியொன்று இருக்குமோ என்ற நப்பாசையில் அதே கையோடு வெள்ளவத்தைக்குத் திரும்பி, நாலு பக்கமும் தடவிப் பார்த்தேன். இல்லை. செல்வம் அண்ணை நான் வெளிக்கிடும்போது சொன்னதுதான் காதில் நின்றது: "வெளியில இருக்கிற சுவிச்சைப் பாக்க இவ்வளவு உள்ளுக்குப் போகவேணுமோ?"

பெட்டி ஒன்று, உள்ளுக்கு வேறொன்று

அட்டையில்தான் பிழை என்று முடிவு கட்டி, யூஎஸ்பியில் குத்துகிற சின்ன வைஃபை ஒன்று வாங்கப் பெட்டாவுக்குப் போனேன். முன்பு வாங்கி நன்றாக வேலை செய்த அதே நிறுவனம், அதே மாதிரி, அதே நீலப் பெட்டி. என் கடையில் கொண்டுவந்து குத்தினால் லினக்ஸ் முழித்தது. உள்ளே இருந்தது முற்றிலும் வேறு சிப். லினக்ஸ்காரருக்கு இது பழகிய சாபம். பெட்டிப் படத்தைப் பார்த்து வாங்கக்கூடாது. அடுத்த நாள் திரும்பிப் போய், வேறொன்றை எடுத்து, என் லப்டொப்பிலேயே குத்திப் பார்த்து வாங்கினேன். நாங்கள் நானா என்று கூப்பிடும் அந்தக் கடைக்கார முஸ்லிம் அண்ணை சிரித்துக்கொண்டே சொன்னார்: "தம்பி, பொட்டிய பாத்துதான் நானும் வாங்குற. உள்ளுக்கு என்ன ஈக்கெண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?"

அன்ரியின் மணி

ஞாயிறு பின்னேரம் புதிய அட்டையோடு போனேன். அன்ரி கூறைச்சேலை மாதிரி ஒரு சிவப்புப் பட்டு உடுத்து, தலையில் பூ வைத்து, குத்துவிளக்குக்குப் பக்கத்தில் லப்டொப்பை வைத்துவிட்டுக் காத்திருந்தார். புதிய அட்டையைக் குத்தினேன். டொக்டர் தெரிந்தார், டியூஷன் தெரிந்தது, அன்ரியுடையது இல்லை. என் ஃபோனை வயரால் கொழுவிப் பார்த்தேன், அந்த ஃபிளாட்டுக்குள் டேட்டா ஏறவில்லை. அப்படியானால் பிழை அட்டையில் இல்லை.

இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று திரையின் மூலையைப் பார்த்தேன். அதில் காலை நேரம். "மணி பிழையா நிக்குது அன்ரி" என்றேன். "பிழை இல்லை, நான்தான் மாத்தினனான். கொண்டுவந்த அண்டைக்கு இரவு, படுக்கமுன்னம் கனடா நேரம் வைச்சிட்டன். மகன் எழும்பிட்டானோ, வேலைக்குப் போட்டானோ எண்டு பாக்கலாமெல்லோ" என்றார்.

எனக்கு உச்சியில் அடித்தது போல இருந்தது. நான் போட்ட லினக்ஸ், ஒவ்வொரு முறை எழும்பும்போதும் மணி எந்த நாட்டு நேரத்தில் நிற்கிறது என்று பார்த்துத்தான் எந்த நாடு என்று தீர்மானிக்கும். அந்த நாட்டு வானொலிச் சட்டப்படிதான் வைஃபையையும் தேடும். எந்த நாடு என்று லப்டொப்பைக் கேட்டுப் பார்த்தேன், கூசாமல் கனடா என்றது. கனடாவில் வைஃபையின் கடைசிச் சனல்களை, அதாவது பன்னிரண்டாம், பதின்மூன்றாம் அலைவரிசைகளைத் தேடுவதில்லை. அன்ரியின் ரவுட்டரை அவருடைய ஃபோனில் திறந்து பார்த்தால், கட்டடத்து நெரிசலுக்குப் பயந்து யாரோ அதைப் பதின்மூன்றாம் சனலில் வைத்திருக்கிறார்கள். லப்டொப் வெள்ளவத்தையில் இருந்துகொண்டு கனடாச் சட்டத்தை மீறாமல் நடந்திருக்கிறது! மணியைத் தொடாமல், நாடு இலங்கை என்று ஒரு வரி அடித்தேன். அன்ரியின் வைஃபை பட்டியலின் உச்சியில் வந்து நின்றது.

மண்டபம் தெரிந்தது, மேளம் கேட்டது. "அம்மா, தெரியுதோ?" என்று மகன் கத்தினான். இரண்டு பேரும் திரையைப் பார்த்து விழுந்து கும்பிட, அன்ரி இரண்டு கையையும் தூக்கி லப்டொப்பின் தலையில் வைத்தார். எல்லாம் முடிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தவரிடம், மணியையும் இலங்கை நேரத்துக்கு மாற்றிவிடவா என்று கேட்டேன். "வேண்டாம் தம்பி, வைஃபை இஞ்ச இருக்கட்டும், மணி அங்கயே இருக்கட்டும்."

தான் எந்த நாட்டில் இருக்கிறது என்பதை ஒரு வைஃபை அட்டைக்குப் புரியவைக்க ஒரு வரி போதும். வெள்ளவத்தை அம்மாமாருக்குப் புரியவைக்கிற கட்டளையை லினக்ஸ்காரர் ஒருவரும் இன்னும் எழுதவில்லை.