மேல் கம்பியைப் பிடித்த கை

கள்ளக்குறிச்சி மருத்துவமனையில், மார்பகப் புற்றுநோய் அறுவை சிகிச்சைக்குப் பிறகு எங்களுக்குக் கைப்பயிற்சி கொடுத்தார்கள். சுவரில் விரல்களால் மெல்ல மேலே ஏற வேண்டும். வலிக்குப் பயந்து நான் தோள் உயரத்திலேயே நிறுத்திவிடுவேன். என்னோடு பயிற்சிக்கு வந்த ஒல்லியான அக்கா ஒருவர், தினமும் தன் விரல் எட்டிய இடத்தில் சாக்பீஸால் கோடு போடுவார்.

ஒருநாள் இருவரும் மலைப்பக்கம் போகும் பேருந்தில் ஏறினோம். எழுந்து இடம் கொடுத்த பெண்ணிடம், "நீயே குந்தும்மா" என்ற அக்கா, அறுவை செய்த பக்கத்துக் கையை உயர்த்தி மேல் கம்பியைப் பிடித்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"வலிக்கலையாக்கா?"

"வலிக்குது, இன்னா இப்போ? கை எட்டிடுச்சு பாரு. நீயும் தூக்கும்மா."

தூக்கினேன். விரல்கள் கம்பியைத் தொட்டதும் இறுகப் பிடித்துக்கொண்டேன்.

கச்சிராயபாளையத்தில் அவர் இறங்கிய பிறகுதான், பெயரைக்கூடக் கேட்கவில்லை என்று உறைத்தது. கையை மட்டும் நான் இறக்கவில்லை.