மரியாயி கொடுத்த பெயர்ப்பட்டியல்

அந்தப் பேச்சு மெரினாவுக்கு வரிசை மாறாமல் நினைவிருக்கிறது. "ரொபர்ட் பேர எழுதவா அத்த, வேணாமா?" என்று அவள்தான் முதலில் கேட்டாள்.

"ஏன் எழுதாம? எம் மகன் என்ன செத்தா போயிட்டான்?" என்றாள் மரியாயி.

"கொழும்புலதானே இருக்கான். இங்க ராத்திரி தங்குறவங்க பேரத்தான் பொலிஸ் கேக்குது."

"அங்க வேல செய்ற கடைக்குப் பின்னால ஒரு பாய் விரிச்சுப் படுக்கிறான். அவன் காம்பரா இதுதானே. எழுது பிள்ள."

"கடை முதலாளி அங்கயும் பதிஞ்சிருப்பாரு. ரெண்டு எடத்துல இருந்தா சந்தேகப்படுவாங்க அத்த."

"ரெண்டு எடத்துல இருந்தா நல்லதுதானே. ஒரு எடத்துல வெட்டுனாலும் மத்த எடத்துல இருக்கும்." மரியாயி சிரித்தாள். "சிங்களமும் படிச்சு தமிழும் படிச்சு, ஒனக்குப் பயமும் ரெண்டு பங்கா வந்திருக்கு."

அடுத்த காம்பராக்காரியான மெரினா எழுதினாள். அது 2007ஆம் ஆண்டு. அவசரகாலச் சட்டத்தின் கீழ் ஒவ்வொரு வீட்டிலும் இருப்பவர்களின் பெயரைப் பொலிஸ் கேட்டிருந்தது. படிவம் சிங்களத்தில் இருந்ததால் லயத்து வரிசை வீட்டின் இருபது காம்பராவுக்கும் அவளே நிரப்பிக் கொடுத்தாள். கொழும்புக்குப் போன பிள்ளைகளின் பெயரை யாருமே விடவில்லை.

மரியாயி யட்டியாந்தோட்டைக்கு மேலே உள்ள இறப்பர் தோட்டத்தில் பால் வெட்டுபவள். எஹலியகொடப் பக்கமிருந்து பத்தொன்பது வயதில் அந்தனிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள். மகனுக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது அந்தனி காய்ச்சலில் போய்விட்டான். சிங்களம் பேசினால் கடைவீதிக்காரர்களே அசந்துபோவார்கள், எழுதத்தான் வராது. அவளுக்கு அடையாள அட்டை கிடைத்தபோது வயது நாற்பது. அதுவரை எந்த அரசாங்கக் கந்தோருக்குப் போனாலும் ஒரு குடியுரிமைப் பதிவுப் புத்தகத்தைப் புரட்டி, உன் பெயர் இல்லை என்று அனுப்பினார்கள். அப்படி அலைந்தவள், ஒரு பட்டியலில் மகன் பெயரைத் தானாகவே விட்டுவிடுவாளா?

செப்டம்பரில் கொழும்புச் சோதனைச் சாவடி ஒன்றில் ரொபர்ட்டைப் பிடித்தார்கள். இரண்டு இடத்தில் பதிவு ஏன் என்று கேட்டார்கள். அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. பத்தொன்பது நாள் வைத்திருந்தார்கள். மரியாயியும் மெரினாவும் மூன்று தடவை கொழும்புக்குப் போய், இரண்டு தடவை அவனைப் பார்க்காமலே திரும்பினார்கள். பிறகு, வழக்கு எதுவும் இல்லை என்று விட்டார்கள்.

கடை முதலாளி அவனைத் திரும்பச் சேர்க்கவில்லை. அவன் யட்டியாந்தோட்டையிலேயே ஓர் இரும்புக் கடைக்குக் காலையில் போய்வரத் தொடங்கினான். பொலிஸ்காரர்களும் காலையில்தான் வந்தார்கள். ஒன்பது நாளில் நான்கு தடவை. "அம்மே, புத்தா கோ?" மகன் எங்கே என்று அவர்கள் மரியாதையாகத்தான் கேட்டார்கள். கங்காணி இறப்பர் மலைக்கு ஆளனுப்பி மரியாயியைக் கூப்பிடுவார். அவள் வந்து, அட்டையைக் காட்டி, அதே பதில்களைச் சொல்லித் திரும்பும்போது வெயில் ஏறிப் பால் உறைந்திருக்கும், அல்லது மழை வந்து சிரட்டையில் தண்ணீர் கலந்திருக்கும். அன்றைக்கு அரைநாள் சம்பளந்தான்.

தன் கையால் எழுதிய பெயர் என்பது மெரினாவை அரித்தது. அவள் கேகாலையில் மக்கீன் என்ற வழக்கறிஞரைப் பார்த்தாள். பட்டியல் கேட்கச் சட்டம் இருக்கிறது, காரணம் சொல்லாமல் அடைத்துவைக்கவும் விட்ட பிறகு வீடேறி வரவும் சட்டம் இல்லை என்றார் அவர். உயர் நீதிமன்றத்துக்கு அடிப்படை உரிமை மனு போடலாம். ஆனால் பிடித்த நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் போட வேண்டும். அவரே மனுவைத் தயாரித்தும் கொடுத்தார். அம்மா சரியென்றால் கையெழுத்திடுகிறேன் என்றான் ரொபர்ட். அந்த ஒரு மாதக் கெடுவுக்கு இன்னும் இரண்டு நாள்தான் இருந்தது.

மெரினா அடுப்படியில் உட்கார்ந்து, மனுவைத் தமிழில் சொல்லிக்கொண்டே போனாள். மரியாயி முழங்காலைப் பிடித்துவிட்டபடி கேட்டாள்.

"அரசாங்கம் இதுக்கு மேல போகக் கூடாதுன்னு நெசமாவே எழுதி வச்சிருக்காங்களா?"

"ஆமா அத்த. அரசியலமைப்புல இருக்கு."

"எப்பருந்து?"

"எழுபத்தெட்டுலருந்து."

"நான் இந்தத் தோட்டத்துக்கு வந்த வருசம். இத்தன காலமா நானும் அதுவும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டதேயில்ல."

"இப்பவாச்சும் போட்டா, அவங்க பதில் சொல்லியாகணும் அத்த."

"யாரு? கோட்டுக்குப் பதில் சொல்லிட்டு அன்னிக்கே இங்க வருவாங்க. அவன் கடைக்குப் போற பஸ்ஸுலயே புடிப்பாங்க. திரும்பப் பத்தொம்பது நாளு என்னால முடியாது பிள்ள." அவள் குரல் உயரவேயில்லை. "நீ சொல்றதுதான் சரி. எனக்கு அசதியா இருக்கு."

மெரினா தாள்களை அடுக்கினாள். மரியாயி பாலில்லாத சாயத் தேத்தண்ணீரை ஊற்றி அவள் பக்கம் நகர்த்தினாள்.

"அந்தப் பெரிய காயிதத்த ஒதுக்கி வையி. பொலிஸ் ஸ்டேசன் ஐயாவுக்குச் சிங்களத்துல சின்னதா ஒண்ணு எழுதிக் குடு. வரக்கூடாதுன்னு எழுதாத. வர்றதா இருந்தா பால எட போட்டு முடிஞ்சு, ரெண்டு மணிக்குப் பொறகு வரச் சொல்லி, கொஞ்சம் மரியாதையா எழுது."