வெருளி போட்டிருந்த சேட்டு

பேர் சொல்லப் பயந்தவன் எழுதியதை வாசித்தாலே எனக்குக் குமட்டும். சந்தியில் அசிங்கம் பண்ணிவிட்டு, கூட்டத்தோடு நின்று தானும் மூக்கைப் பொத்துகிற சாதி அது.

எங்கள் கமக்கார அமைப்புக்கு நான் செயலாளர். கமக்காரர் கதைக்க என்று இணையத்தில் ஒரு குழு வைத்திருக்கிறோம். உரம், மழை, நெல் விலை கொஞ்சம், மிச்சமெல்லாம் சண்டை. பேரை மறைத்து எழுதலாம் என்ற வசதி வந்ததிலிருந்து, கோயிலில் என்னைக் கண்டால் குனிந்து போகிறவர்களுக்கும் அங்கே கொம்பு முளைத்துவிட்டது.

கோடையில் விதைக்கிற சிறுபோகத்தில் குளத்துத் தண்ணீர் எல்லா வயலுக்கும் காணாது. கூட்டம் போட்டு, ஆளுக்கு இவ்வளவு என்று பங்கு பிரித்துத்தான் விதைப்போம். பொழுதுபடும்போது மதகு ஒழுங்காகப் பூட்டியிருக்கிறதா என்று நான் போய்ப் பார்க்க வேண்டும். அதுவும் கூட்டத்தில் எடுத்த முடிவுதான்.

அதற்குத்தான் ஒரு முகமில்லாதவன் எழுதினான். 'வேண்டப்பட்ட ஆக்களுக்கு மதகடியில பங்கு, எங்களுக்குக் கடைக்கோடி. புருசன் இல்லாதவளுக்குப் பொழுதுபட்ட நேரம் மதகடியில என்ன வேலை?' கூடவே காய்ந்த வயலின் படம். கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். சிரித்தவர்களுக்குப் பேர் இருந்தது. எல்லாரும் என் வீட்டில் தேத்தண்ணி குடித்த ஆட்கள். தூ!

பதவி போனால் மயிரே போச்சு. ஆனால் சோதனைக்குப் படிக்கிற என் மகள், டியூசனில் பெடியள் அதைப் போனில் காட்டிச் சிரித்தார்கள் என்று வீட்டோடு இருந்துவிட்டாள். அவளுடைய சிநேகிதி ஒருத்தி மட்டும் பின்னேரங்களில் வந்து பாடம் சொல்லிக்கொடுப்பாள். போன் இல்லாத பிள்ளை, கேள்விப்பட்டதோடு சரி. "அந்த நாய் ஆரெண்டு தெரிஞ்சா செருப்பால அடிப்பன் அன்ரி" என்று எனக்காக அழுதாள்.

எழுதியவனே ஊருக்கு முன்னால் பொய்யென்று சொன்னால்தான் மகள் வெளிக்கிடுவாள் என்று எனக்குப் பட்டது. அதுவரை அருவருப்பில் படத்தைச் சரியாகப் பார்க்காத நான், அன்றைக்குத்தான் பெருப்பித்துப் பார்த்தேன். வயல் நடுவில் குருவி விரட்ட நட்ட வெருளி ஒன்று. அதற்கு மஞ்சள் சேட்டு, நெஞ்சில் பெரிய கிளி. வெளிநாட்டிலிருந்து தமையன் அனுப்பிய அந்தச் சேட்டை ஒரு திருவிழா முழுக்கப் போட்டுத் திரிந்தவரை ஊரே பகிடி பண்ணியது. அவர் வேறு யாருமில்லை, அந்தச் சிநேகிதியின் தகப்பன். பூனை கண்ணை மூடினால் உலகம் இருண்டு போச்சாம்!

பக்கத்து வீட்டு அக்காவிடம் ஓடிப்போய்க் காட்டினேன்.

"இது எங்களுக்கு அண்டைக்கே தெரியுமே. வீண் சோலி ஏனெண்டு விட்டனாங்கள்" என்றா அவா.

அவன் எழுதியதைவிட இதுதான் எனக்கு நாறியது.

அடுத்த நாள் காலைக் கூட்டத்தில் படத்தைத் தூக்கிப் பிடித்தேன். "ஆரின்ர சேட்டு இது?"

எல்லாரும் நிலத்தைப் பார்த்தார்கள். சிநேகிதியின் தகப்பன் மட்டும் பல்லைக் காட்டினார்.

"தண்ணிக் கோவத்தில எழுதினது அக்கா. உங்களை நினைச்சில்ல. போனில எழுதிறதெல்லாம் ஒரு கதையே?"

"பொய்யோ, மெய்யோ? அதைச் சொல்லுங்கோ."

"பொய்தான் அக்கா, பொய்தான். இந்தா, அழிச்சிட்டன்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. பிரச்சினை முடிந்ததாம். தட்டில் வந்த தேத்தண்ணியை அவரே எடுத்து, "குடியுங்கோ அக்கா" என்று நீட்டினார். வாங்கி அவர் கண்ணுக்கு முன்னால் மண்ணில் ஊற்றினேன்.

வீட்டுக்கு வந்ததும் மகளிடம் பெருமையாகச் சொன்னேன். "ஆளைப் பிடிச்சு, எல்லாருக்கும் முன்னால ஒத்துக்கொள்ள வைச்சிட்டன். நாளைக்கு நீ டியூசனுக்குப் போ."

அவள் முகம் வெளிறிப்போனது.

"ஆரெண்டு எனக்கு முதல் நாளே தெரியும் அம்மா. நான் அங்க போனா பெடியள் திரும்பவும் போனைத் தூக்குவாங்கள். எனக்குப் பக்கத்தில இருக்கிற அவள் தன்ர தகப்பன்ர சேட்டைக் கண்டிடுவாள். அதுக்காகத்தான் போகாமல் இருந்தனான்."

அன்று பின்னேரம் அந்தப் பிள்ளை எங்கள் வீட்டுக்கு வரவில்லை.