மாலை போட்ட என் படம்

என் முதல் படத்தில் நான் செத்துப்போனேன். குறும்படம்தான். கடலுக்குப் போய்த் திரும்பாத ஒருவனின் கதை. நானே எழுதி மெட்டுப் போட்ட பாட்டை வள்ளத்தில் இருந்து பாட வேண்டும். அதற்குப் பிறகு நான் வரமாட்டேன். சுவரில் மாலை போட்ட என் போட்டோ மட்டும் வரும்.

படத்தை எடுத்த நெறியாளர் யாழ்ப்பாண நகரத்துக்காரர், என்னைவிட மூத்தவர். "உன்ரை போட்டோ ஒண்டு தா தம்பி, பெருப்பிச்சுப் பிறேம் போடுவம்" என்றார். அடையாள அட்டைக்கு எடுத்ததைக் கொடுத்தேன். அதற்கு மல்லிகை மாலை போட்டார்கள். நான் பக்கத்தில் நின்று தேத்தண்ணி குடித்தேன். எனக்குப் பாட்டுத்தான் யோசனை. அம்மா அதைக் கேட்க வேண்டும்.

அதுவரை நான் பாடி அம்மா கேட்டதில்லை. மயிலிட்டியில் எங்கள் வீடு ஓர் அறை. பாடுவதற்கு நான் துறைமுக அணைக்குப் போவேன். காற்று இரையும். ஒருவருக்கும் கேட்காது.

வாசிகசாலை முற்றத்தில் திரை கட்டிப் படம் போட்டார்கள். அம்மா முன்னால் இருந்தார். நான் பின்னால் நின்றேன். பாட்டு வந்தது.

"உவன் வீட்டிலை வாய் திறக்கமாட்டான். அங்கை பார், என்னமாய்ப் பாடுறான்" என்றார் பக்கத்து வீட்டு மாமி.

"காசு தந்தால் நானும் பாடுவன்" என்று யாரோ சொல்ல, சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு மாலை போட்ட போட்டோ வந்தது. அம்மா எழும்பிப் போய்விட்டார்.

என் அப்பா கடலுக்குப் போய்த் திரும்பாதவர். உடம்பு கிடைக்கவில்லை. அம்மா இன்றைக்கும் பொட்டு வைக்கிறார். அப்பாவின் போட்டோ சுவரில் இருக்கிறது, மாலை இல்லாமல். எத்தனையோ பேர் சொல்லியும் அம்மா போடவிடவில்லை. அறிவு தெரிந்த நாள் முதல் நான் பார்க்கிற சுவர் அது. என் போட்டோவைக் கொடுத்தபோது நினைவுக்கு வரவில்லை.

வீட்டுக்குப் போனேன். சோறு போட்டு மூடி வைத்திருந்தார்.

"நடிப்புத்தானே அம்மா."

"சாப்பிடு."

அதற்குப் பிறகு பாட்டைப்பற்றி அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்தில் அறை எடுத்தேன். பகலில் சீமெந்துக் கடையில் மூட்டை ஏற்றுவேன். கல்யாணம் இருந்தால் மண்டபத்தில் பாடுவேன். ஆட்கள் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை கடை பூட்டு. அறையில் இருந்து புதுப் பாட்டு எழுதி, போனில் பதிந்து, நானே போட்டுக் கேட்பேன்.

இந்த வருடம் அதே நெறியாளர் இன்னொரு படத்துக்குக் கூப்பிட்டார். அதிலும் கடைசியில் நான் சாக வேண்டும்.

"வேறை ஆளைப் பாருங்கோ அண்ணை."

"என்னடா தம்பி, ஒருக்காச் செத்துப் பழகினனிதானே."

போனில் பதிந்திருந்த புதுப் பாட்டைப் போட்டுக் காட்டினேன். பாட்டை மட்டும் எடுத்தார். என் குரலுக்கு வேறொருவன் வாயசைப்பான்.

அம்மாவுக்குப் போன் எடுத்தேன்.

"புதுப் படத்திலை என்ரை பாட்டு வருது. நான் நடிக்கேல்லை."



"உன்ரை முகம் வராதோ?"

"வராது."

"அப்ப பாடு, கேப்பம்."

முழுக்கப் பாடினேன். முடித்த பிறகு அந்தப் பக்கம் காற்றின் இரைச்சல் மட்டும். லைன் இருக்கிறதோ என்று பார்த்தேன். இருந்தது.

"உலை கொதிக்குது. வைக்கிறன்" என்றார்.

"ஓம்" என்றேன்.