கதவை விடப் பெரிய அலுமாரி

யுத்தம் முடிந்து மன்னார் நகரில் நாங்கள் வாங்கிய வீட்டில் ஏற்கெனவே ஒரு கழுதை குடியிருந்தது. நெடுநாள் ஆளில்லாமல் கிடந்த வீடு. வீட்டு முன் விறாந்தை தன்னுடையது என்றே அது முடிவு செய்திருந்தது. விரட்டினாலும் பின்னேரம் திரும்பி வந்துவிடும். அதோடு சமாதானமாகி, சுவர்களுக்கு நீலம் அடித்து முடித்ததும் எனக்கும் என் கணவருக்கும் சண்டை தொடங்கியது.

தளபாடம் வாங்கப் போனவர் மடிக்கிற கதிரைகள், மடிக்கிற மேசை, மடிக்கிற கட்டில் என்று கொண்டுவந்து இறக்கினார்.

"தூக்க லேசு," என்றார்.

ஊர் ஊராக ஓடியபோது நாங்கள் விட்டுவிட்டு வந்த சாமான்கள் இன்னும் அவர் மனதில் கிடந்தன. தன் உடுப்புகளைக்கூடப் பயணப் பைக்குள் வைத்து, பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளியிருந்தார். எனக்கு விசர் வந்தது.

"இது வீடோ, பஸ் ஸ்ராண்டோ?" என்று கேட்டேன்.

மறுநாளே தச்சரைக் கூப்பிட்டு, அறைக்குள் வைத்தே ஒரு தேக்கு அலுமாரி செய்யச் சொன்னேன். அளவையும் நானே கொடுத்தேன். வேலை முடிந்த அன்று தச்சர் அலுமாரியைப் பார்த்தார், அறை வாசலைப் பார்த்தார், தலையில் கை வைத்தார்.

"அக்கா, பிழைச்சுப் போச்சு. இது இந்த வாசலால வெளியில போகாது."

"ஓம் தம்பி, அதுக்காகத்தான் அந்த அளவு தந்தனான்."

என் கணவர் அலுமாரிக் கதவைத் திறந்து உள்ளே பார்த்தார். பிறகு குனிந்து, கட்டிலுக்கு அடியிலிருந்த பையை இழுத்தார்.

"இதில என்ர தட்டு எது?"