கலகெதர மணிக்கூடும் ரொக்கெட் துண்டும்

வானொலி நேரத்தோடு ஒத்துப்பார்த்த கைக்கடிகாரத்தில் மாலை 6.40. அம்பிட்டியவில் எங்கள் ஒழுங்கைக்கு மேலே, தென்மேற்கிலிருந்து ஒரு வெளிச்சம் எழும்பியது. எரிந்தது, அணைந்தது, மறுபடி எரிந்தது. சத்தம் எதுவுமில்லை.

"பிளேன் இல்லை. பூமியைச் சுத்தி உருண்டு உருண்டு போற பழைய ரொக்கெட் துண்டு," என்றார் என்னோடு அறையில் தங்கியிருந்த யாழ்ப்பாணத்துக் கணக்கு வாத்தியார். பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்கவேயில்லை.

எடுத்தபோது, மதிலுக்கு அப்பால் பக்கத்து வீட்டுச் சிங்களவர் நின்றிருந்தார். ஓய்வுபெற்ற அதிகாரி. யுத்த காலம், ஏழு மணிக்கு ஊரடங்கு.

"யாருக்கு சிக்னல், மாஸ்டர்?" சிங்களத்தில்தான் கேட்டார். சிரிக்கவில்லை. "ரொக்கெட் துண்டென்றால் அடுத்து எப்போது வருமென்று சொல்லுங்கள். வராவிட்டால் பொலிசில் சொல்லுவேன்."

ஒருமுறை பார்த்ததை வைத்து நேரம் சொல்ல முடியாது. மறுநாள் மாலை எங்களுக்கு மேலே ஒரே முகில். நல்லவேளை, சில மைல் தள்ளிக் கலகெதரவில் கடை வைத்திருந்த மலையக நண்பரிடமும் பார்க்கச் சொல்லியிருந்தேன்.

"வந்துச்சுங்க! மணி 6.55!" என்று தொலைபேசியில் கத்தினார்.

நாளொன்றுக்குப் பதினைந்து நிமிடம் பிந்துகிறது. நாளைக்கு 7.10 என்று வாத்தியார் மதிலுக்கு மேலாகச் சொன்னார்.

"ஊரடங்கில் என்னை வெளியே வரச் சொல்கிறீர்களா?" அதிகாரியின் முகம் இன்னும் இறுகியது.

மூன்றாம் நாள் மாலை கலகெதரவுக்கு மறுபடி பேசினேன். எந்தத் தகவலையும் இருமுறை கேட்பது பத்திரிகைக்காரனான என் பழக்கம்.

"அண்ணே, உங்க மணிக்கூடு ரேடியோ நேரத்தோட சரியா?"

"அது எப்படிங்க சரியா இருக்கும்? ஊரடங்கு போட்டதிலேருந்து பத்து நிமிசம் முந்தி வச்சிருக்கோம். இல்லாட்டி இங்க எவன் நேரத்தோட கடையச் சாத்துறான்?"

வாத்தியார் பென்சிலை எறிந்தார். "அப்ப அஞ்சு நிமிசம்தான் பிந்துது! 6.50! இப்ப என்ன நேரம்?"

6.46.

செருப்பில்லாமல் ஓடினோம். "மாத்தயா, கெதியா வாங்கோ!" என்று சிங்கள 'ஐயா'வில் தொடங்கி, மிச்சத்தைத் தமிழிலேயே சொல்லி வாத்தியார் கூப்பிட்டார். அதிகாரி சாரத்தை மடித்துக் கட்டியபடி மதிலடிக்கு வந்தார். தென்மேற்கில் ஒன்றுமில்லை. பிறகு பலாமரத்துக்கு மேலே ஒரு பொட்டு எரிந்தது, அணைந்தது, எரிந்தது.

"அந்தா! அந்தா வருது!" வாத்தியார் என் தோளைப் பிடித்து உலுக்கினார். நானும் கத்தினேன்.

அதிகாரி கையை நீட்டிப் பைனாகுலரை வாங்கினார். வெளிச்சம் மலைக்குப் பின்னால் இறங்கும்வரை திருப்பித் தரவில்லை.

"நாளைக்கு?" என்றார்.

"6.55."

ஏழு மணிக்கு ஊரடங்கு தொடங்கியது.